பேச்சு மட்டும்

போனை எங்கே வைத்தாலும் சரிந்தது. கடைசியில் அப்பாவின் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு, தண்ணீர் பாட்டிலில் அதைச் சாய்த்து நிறுத்தினாள் மகள். அரைமணியில் சுடுகாட்டு வண்டி வந்துவிடும். விமானம் கிடைக்காமல் வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட தம்பி, அதற்குள் அப்பாவிடம் பேசியாக வேண்டும். படம் வரவில்லை; குரல் மட்டும்தான்.

"அப்பா" என்றான். கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. பிறகு ஒன்றுமில்லை. "நான் வந்திருக்கணும்ப்பா." மறுபடி ஒன்றுமில்லை. செய்தி வாசிப்பவர்கூட இதைவிட உருகுவார்.

சித்தப்பா துணி வியாபாரி. தடவிப் பார்த்தே நூலின் தரம் சொல்லுவார்; பிறர் அழுகையையும் அப்படித்தான். பையன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் என்ற சேதியைக் காலையிலிருந்து மொத்தமாகவும் சில்லறையாகவும் விநியோகித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சொட்டு இல்ல, பாத்தீங்களா அண்ணி? ஒப்புக்குப் பேசறான்."

அம்மா போனிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளுக்கு அதுதான் பயம். அம்மா திருப்பினால் திருப்பினதுதான். அப்பாவின் தங்கை பதினாறு வருடமாக இந்த வாசலை மிதித்ததில்லை.

மகள் குனிந்து காதைக் கொடுத்தாள். அந்த மௌனத்தின் ஓரங்கள் கத்தரித்தாற்போல இருந்தன.

தம்பி பேசிக்கொண்டிருந்த செயலி அவள் வேலை பார்க்கும் கம்பெனியுடையது. கரகரப்பையும் இரைச்சலையும் கேட்கிறவர் எதுவரை பொறுப்பார் என்று பார்த்து, ஐந்துக்கு மார்க் போடுவது அவள் உத்தியோகம். நாய்க் குரைப்பு, மிக்ஸி, இருமல் என்று பேச்சல்லாத எல்லாவற்றையும் வெட்டியெறியும் வசதிக்கு நாலரை போட்டவள் அவளே. விம்மலும் பேச்சல்ல என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"டேய், செட்டிங்ஸ் போ. 'பேச்சு மட்டும்'னு ஒண்ணு இருக்கும். ஆஃப் பண்ணு."

"இப்ப எதுக்குக்கா?"

"பண்ணுடா."

வந்தது. தகரத்தைத் தரையில் இழுத்தது போல. மூச்சு, மூக்குறிஞ்சல், அவன் பின்னால் யாரோ இருமுவது, அதற்கும் பின்னால் தெரு. ஸ்பீக்கர் தாங்காமல் அதிர்ந்தது. மனிதக் குரல் என்று சொன்னால்தான் நம்புவார்கள். வார்த்தை ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அவன் வார்த்தை எதுவும் சொல்லவும் இல்லை.

கொஞ்சம் குறைக்கலாமே, காது அடைக்கிறது என்றார் சித்தப்பா. அவர் குரலில் வியாபாரம் இல்லை.

அம்மா எழுந்தாள். எல்லோரும் வழிவிட்டார்கள். சுவரோரம் போய், இரைந்துகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அறை புழுங்கத் தொடங்கியது.