பொருளின் பெயர் சொல்லக்கூடாது

அந்த ஆய்வுக்கூடத்துக்கு ஒரே சட்டம்: பொருளின் பெயரைச் சொல்லக்கூடாது. கண்ணைக் கட்டி, மூக்கருகே ஒரு ஜாடியைத் திறப்பார்கள். உள்ளே எலுமிச்சை இருந்தாலும் எலுமிச்சை என்று வாய் திறக்கக்கூடாது. ‘புளிப்பு, கூர்மை, கண்ணுக்குப் பின்னால் லேசான குளிர்ச்சி’ என்று தனக்குள் நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும். மனதை அறிவியலாக்க வேறு வழியே இல்லை என்பது பேராசிரியரின் கட்சி. பெயர் சொன்னால் பிழை. ஏட்டில் சிவப்புக் கோடு.

அங்கே முகர்ந்து சொல்லும் வேலை அவனுக்கு; மூன்று வருடமாக ஒரு கோடுகூட வாங்காததால் தராசு என்று பட்டப்பெயர்.

வீட்டிலும் அதே பிழைப்புதான். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டால், “உப்பு முன்னாடி வருது, சூடு பின்னாடி” என்பான்.

“நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் சுளுக்கிக்குமா?” என்பாள்.

அவள் காய்ச்சலில் போய்ப் பதினெட்டு நாள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்தபடி அவன் உள்ளே குறிப்பெடுத்தான்: நெஞ்சில் இடப்பக்கம், மந்தமான அழுத்தம், நான்கு விநாடி.

பத்தொன்பதாம் நாள் வேலைக்குப் போனான். பேராசிரியர் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

“வாங்க தராசு. துக்கம் ஆறிப்போறதுக்குள்ள பதிவு பண்ணிடணும். பயிற்சி உள்ள ஒருத்தருக்கு இப்படி வாய்ப்பு அமையறது அபூர்வம்.”

“வாய்ப்பா சார்?”

நிறுத்துகடிகாரம் பிடிக்கும் நரைத்த உதவியாளர் குறுக்கிட்டார். “ஒரு மாசம் போகட்டுமே சார். தம்பி முகத்தைப் பாருங்க.”

“சோறு ஆறின பிறகா பரிமாறுவீங்க?”

மறுக்கவும் அலுப்பாக இருந்தது. உட்கார்ந்தான். கண்ணைக் கட்டினார்கள். ஜாடி திறந்தது.

காய்ந்த வியர்வை. தைலம். முடி.

போன வாரம் துக்கம் கேட்க வந்த பேராசிரியர், அவள் படுத்திருந்த அறையில் ஐந்து நிமிடம் தனியாக இருக்கட்டுமா என்று கேட்டது நினைவுக்கு வந்தது. நல்ல மனுஷன் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தவன் இவன்தான். அந்த மனுஷன் இதைக் கோட்டுப் பைக்குள் மடித்துக் கொண்டுபோயிருக்கிறார்.

“சொல்லுங்க. இனிப்பா, கசப்பா? எங்க அழுத்துது?”

நாக்கு பழக்கதோஷத்தில் அசைந்தது. “மந்தமா... ஓரத்துல லேசா இனிப்பு...”

“அருமை! அருமை!” பேனா கீறியது.

தன் வாயே தனக்கு நாறியது அவனுக்கு. கண்கட்டை இழுத்து எறிந்தான்.

“இது என் பொண்டாட்டியோட தலகாணி உறை.”

பேனா நின்றது. “பெயர் சொல்லிட்டீங்களே தராசு. பிழை.”

“போடுங்க கோட்டை.” ஜாடிக்குள் கையை விட்டு உறையை உருவினான். “அவ சமையல் நல்லாருக்கும். அதுக்கும் ஒண்ணு போடுங்க.”

அவன் கதவைத் தாண்டுவதற்குள் பேராசிரியர் உதவியாளரிடம் திரும்பினார். “எத்தனை விநாடியில சொன்னார்?”

“நான் கடிகாரத்தை அமுக்கவே இல்ல சார்.”