ஆறு பட்டைக்கு அறுபது

மூன்றாவது சட்டத்தைச் சேர்த்ததும் அது போய் முதல் சட்டத்தின் தலையில் முட்டிக்கொண்டு நின்றது. ஆறு பக்கம் வரவேண்டிய தேர்ப்பீடம் மூன்றே பக்கத்தில் மூடிக்கொண்டது. மீதி மூன்று சட்டங்களும் சுவரோரம் சும்மா கிடந்தன. நல்லமுத்துவுக்கு வந்த ஆத்திரத்தில் பாதி தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் மேல், பாதி தன் மேல்.

ஐம்பத்து நாலாம் வருடம், பங்குனித் திருவிழாவுக்கு இன்னும் இரண்டே நாள். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. ஆறுமுகனுக்கு ஆறு பட்டைத் தேர் வேண்டும் என்று கோயில் கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. தோட்டத்து ஆசாரி வேலையை விட்டுப் போய் மூன்று மாதமாகத் தச்சுக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. தேர் நன்றாக வந்தால் அந்த இடம் நல்லமுத்துவுக்குத்தான் என்று தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையே சொல்லியிருந்தார். மம்பட்டி பிடித்தே தேய்ந்துபோன மனுஷனுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது?

இந்த நேரம் பார்த்துத்தான் கிளாக்கர் சண்முகராஜா, படிக்கிற காலத்துப் பாகைமானியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"கண்ணால பாத்து அறுக்கிற வேலை இல்ல நல்லமுத்து. ஒரு சுத்துக்கு முந்நூத்தி அறுபது. ஆறால வகுத்தா அறுபது. மூலைக்கு அறுபது, அவ்வளவுதான்" என்று தகரத்தில் ஓர் அச்சும் வெட்டிக் கொடுத்தார்.

"ஐயா, நேர் மூலை காட்டுற மூலைமட்டத்தவிட விரிஞ்சுல்ல வரணும்? இது ஊசியா இருக்குங்களே."

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குக் கூச்சப்பட்டு, பன்னிரண்டு முனையையும் அந்த அச்சு மூலையில் பாதியாக, முப்பது முப்பதாக அறுத்துத் தொலைத்தான். அடுப்பங்கரையில் ஒரு கயிற்றையும் ஆணியையும் வைத்துப் பார்த்திருந்தால் அரை நாழிகையில் தெரிந்திருக்கும்.

இப்போது அதைத்தான் செய்தான். ஆணி அடித்து, கயிற்றைக் கட்டி, கரியால் தரையில் வட்டம் போட்டான். அதே கயிற்றளவால் வட்டத்தின் மேலேயே அடி அடியாக வைத்துப் போனான்; ஆறாவது அடி புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. புள்ளிகளைக் கோடு போட்டுச் சேர்த்தான்.

"பாத்தியா புள்ள, கிளாக்கர் சொன்ன அறுபது நடு ஆணிகிட்ட இருக்கு. மூலையில அது ரெண்டு மடங்கா விரியுது" என்றான் மனைவி பூரணியிடம்.

"சாமி மரத்தை வீணாக்கிட்டு இப்ப பாடம் நடத்துறீங்களாக்கும்" என்றாள் அவள். அவளுக்கும் வயிற்றெரிச்சல்.

முனைக்கு அறுபதாக மறுபடி அறுத்ததில் ஒவ்வொரு சட்டத்திலும் முக்கால் அடி போனது. பீடம் குறுகிவிட்டது. ஆனால் ஆறு மூலையும் இம்மி பிசகாமல் சேர்ந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

திருவிழாக் காலையில் துரை வந்து தேரைச் சுற்றிப் பார்த்தார். தமிழ் தெரியாதவர், எல்லாம் கிளாக்கர் வாய் வழியாகத்தான். பீடம் ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டார் போலிருக்கிறது. சண்முகராஜா பாகைமானியை எடுத்து, ஒரு சட்டத்தின் அறுத்த முனையில் வைத்தார். சரியாக அறுபது!

"நான் சொன்னதும் அறுபது, இங்க இருக்கிறதும் அறுபது. முதல்ல இவன்தான் தப்பா வெட்டி மரத்தைப் பாழாக்கிட்டான்" என்று ஊருக்குத் தமிழிலும், துரைக்கு இங்கிலீஷிலும் சொன்னார்.

அடப்பாவி! இரண்டு அறுபது சேர்ந்துதானே ஒரு மூலை ஆகிறது! அதை இந்தக் கூட்டத்தில் எப்படி விளக்குவது? ஆனாலும் நல்லமுத்து விடவில்லை.

"அப்ப எட்டு பட்டைத் தேருக்கு எத்தனையில அறுக்கிறதுங்க?"

"எட்டால வகு. நாப்பத்தஞ்சு."

"சாமி படத்துக்குச் சட்டம் அடிக்கிறப்ப நாப்பத்தஞ்சுலதாங்க அறுக்கிறேன். அதுக்கு எத்தனை மூலைங்க?"

"நாலு!" என்று கொழுந்துக் கூடைக்காரி ராசம்மா கூட்டத்திலிருந்து கத்தினாள். கோயில் வாசலே சிரித்தது. துரை கிளாக்கரிடம் ஏதோ கேட்டார். கிளாக்கர் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். துரை நல்லமுத்துவை முறைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டார். கிளாக்கர் அப்படி என்ன சொன்னார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கிளாக்கரே நின்று பெயர் கூப்பிட்டார். "நல்லமுத்து, கான் வெட்டு." மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் தோண்டும் அதே பழைய வேலை.

தச்சுக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் மம்பட்டியை எடுத்தான். நாலடி நடப்பதற்குள் சண்முகராஜா பின்னாலேயே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏம்ப்பா, எட்டுக்கு எத்தனையில அறுக்கணும்?"

"கான் வெட்டுறவனுக்கு எதுக்குங்க அந்தக் கணக்கு?" என்று சொல்லிவிட்டு மலை ஏறினான் நல்லமுத்து.