சார்ன்கூஃப் வரைக்கும் ஐந்தாவது திட்டம்

மார்ச் மாதத்திலிருந்து இர்மினா போட்ட பயணத் திட்டங்களில் இது ஐந்தாவது. முதல் நான்கும் சமையலறை அலமாரியின் தலையில் சுருண்டு கிடந்தன. தூக்கிப் போட அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டால் வயிறு எரிந்தது.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய விஷயமில்லை. அவர்களிடம் ஐந்து மீட்டர் நீளத்தில் ஒரு அலுமினியப் படகு இருந்தது, பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டாரோடு. பித்கோஷ்ச் நகரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துறையில் ஏறி, கால்வாய் வழியாக மேற்கே நாக்வோ ஊருக்குப் போய், அங்கிருந்து நோதெச் ஆற்றோடு சார்ன்கூஃப் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். ஒன்பது நாள். அவளும் கணவன் ரெமெக்கும் மட்டும். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் கோடை விடுமுறை என்றால் ரெமெக்கின் அக்கா வீட்டுச் செர்ரி மரத்தடியில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். இந்த ஒரு வருடமாவது ஏணியைப் பிடிக்க முடியாது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கஷ்டமெல்லாம் மதகுத் தொட்டிகளில்தான் இருந்தது. கால்வாயின் தண்ணீர் ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு மாறும் இடங்களில் படகைக் கான்கிரீட் தொட்டிக்குள் விட்டு, இரண்டு பக்கக் கதவுகளையும் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்கம் அனுப்புவார்கள். நாக்வோ போய்ச் சேருவதற்குள்ளேயே அப்படி ஆறு. ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே போன் செய்து நேரம் சொல்லிவைக்க வேண்டும். சாயங்காலம் பூட்டிவிட்டால் மறுநாள் காலைதான். ஒன்றில் அரை மணி பிந்தினால் அடுத்த ஐந்தும் சரிந்துவிடும். இர்மினா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சீட்டில் எழுதியது எழுதியபடி நடக்க வேண்டும் அவளுக்கு.

முதல் திட்டம் ரெமெக்கின் வேலையால் போனது. அவன் டிராம் பணிமனையில் மெக்கானிக். ஷிப்டை மாற்றிவிட்டார்கள் என்றான். இரண்டாவது திட்டத்தின்போது முட்டி வலி. மூன்றாவதற்கு மோட்டாரில் தண்ணீர் இழுக்கிற பம்பின் ரப்பர் சக்கரம் பிய்ந்துவிட்டது. நான்காவதற்கும் அதே சக்கரம்தான், இன்னும் வந்து சேரவில்லை.

"ஆகஸ்ட் பதினாறு," என்றாள் இப்போது, பென்சிலால் வரைபடத்தைத் தட்டியபடி. "இதுக்கு மேல கடையில லீவ மாத்த முடியாது. முதலாளியம்மா ஏற்கெனவே என்னை ஒரு மாதிரி பாக்குது."

ரெமெக் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. "ஆத்துல தண்ணி கம்மின்னு பேசிக்கிறாங்களே."

"நான் நேத்துதான் கேட்டேன். நம்ம படகுக்குப் போதும்."

"பாசி வேற நிறைய இருக்காம்."

"இருந்தா நின்னு எடுத்துட்டுப் போவோம். உனக்கு என்னதான் பிரச்சினை, ரெமெக்?"

"எனக்கென்ன பிரச்சினை? அந்தச் சக்கரம் வரட்டும், போகலாம். மோட்டார் இல்லாம துடுப்பு போட்டுக்கிட்டு போவியா?"

"எப்ப வரும்?"

"க்தான்ஸ்க்ல இருந்து வரணும். அவங்க அனுப்பினாத்தானே?"

டிராம் பெட்டியையே பிரித்து மாட்டுகிறவனுக்கு உள்ளங்கை அகல ரப்பர் சக்கரம் நான்கு மாதமாகக் கிடைக்கவில்லை. இர்மினாவுக்கு அன்றே உறுத்தியிருக்க வேண்டும். அவளோ நாள்களை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை பெட்ரோல் கேன்கள் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கப் படகுக் கொட்டகைக்குப் போனாள். கேன் மூடி ஒன்று காணவில்லை. தேடப்போய் ரெமெக்கின் கருவி அலமாரியில் கடைசி இழுப்பறையைத் திறந்தாள். தூண்டில் முள் டப்பாக்களுக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டி, ஒட்டின நாடாகூடப் பிரிக்காமல். மேலே ரெமெக்கின் பெயர். தபால் முத்திரையில் மே மாதம் எட்டாம் தேதி.

பிரித்துப் பார்த்தாள். கறுப்பு ரப்பர் சக்கரம். புதுசு.

ஜூன் முழுக்கத் தான் போட்ட போன்கள் அவள் நினைவுக்கு வந்தன. ஆறு மதகுக்காரர்களிடமும் மன்னிப்புக் கேட்டு நேரத்தை மாற்றியது. மறுபடி மாற்றியது. மரியாதைக்கு அம்மா என்பதுபோலப் பானி போட்டு அவர்கள் சிரித்த சிரிப்பு, "பரவாயில்லை பானி, அடுத்த தடவை வாங்க" என்பது. காதெல்லாம் சூடேறிவிட்டது.

வீட்டுக்கு வந்து பெட்டியை ரெமெக்கின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.

"மறந்துட்டேன்," என்றான்.

"மூணு மாசமா?"

"வேலை ஜாஸ்தி இர்மினா. எங்கயோ வெச்சிட்டேன்."

"தூண்டில் டப்பாவுக்கு அடியில! ஒளிச்சு வெச்சிருக்க. என்கூட வர பிடிக்கலைன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே? எதுக்கு என்னை ஊர்ல இருக்கறவன்கிட்ட எல்லாம் போன்ல கெஞ்ச வெச்ச?"

"அப்படியெல்லாம் இல்ல."

"அப்ப எப்படி?"

அவன் எழுந்தான். தட்டைக் கொண்டுபோய்க் கழுவினான். சுத்தமான தட்டை இரண்டு தடவை கழுவினான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளால் தாங்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

இந்த முறை மன்னிப்பை நேரிலேயே கேட்டுவிடலாம் என்று முதல் மதகுக்குப் போனாள். அதன் காவலர் ஃப்ளோரியன் பருத்த மனிதர். அறைக்கு வெளியே நாற்காலி போட்டு வெள்ளரிக்காய் ஊறுகாய் தின்றுகொண்டிருந்தார். போனில் ஐந்து மாதமாகப் பேசிய குரலுக்கு அன்றுதான் முகம் கிடைத்தது.

"பதினாறாம் தேதியை அடிச்சிடுங்க, பான் ஃப்ளோரியன்," என்று மரியாதையாகச் சொன்னாள். "இனிமே கூப்பிட மாட்டேன்."

"அடடா, மறுபடியுமா? இந்த தடவை என்ன?"

"என் வீட்டுக்காரருக்கு வர இஷ்டமில்ல."

ஃப்ளோரியன் ஊறுகாயை ஜாடிக்குள் திரும்பப் போட்டார். "வருவாருன்னு நானும் எதிர்பாக்கல பானி. போன அக்டோபர்ல நடந்ததுக்கப்புறம் நானா இருந்தா குளியல் தொட்டியில கூட இறங்க மாட்டேன்."

"அக்டோபர்ல என்ன நடந்தது?"

அவர் முகம் மாறியது. "உங்ககிட்ட சொல்லலையா?" என்றவர், தொட்டியின் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ரெமெக்கும் பணிமனை நண்பன் ஒருவனும் மீன் பிடித்துவிட்டுத் திரும்புகையில் இதே தொட்டியில் இறங்கினார்கள். நண்பன் கயிற்றைச் சுவரிலிருந்த ஏணிப் படியில் இறுக்கிக் கட்டிவிட்டான். தண்ணீர் இறங்க இறங்கப் படகின் மூக்கு கயிற்றில் தொங்க, படகு சாய்ந்தது. ரெமெக் படகுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தான். ஃப்ளோரியன் தண்ணீரை நிறுத்தி மிதவையை வீசுவதற்குள் அவன் இரண்டு முறை தண்ணீருக்குள் முங்கி எழுந்தான்.

"மேல ஏத்தினதும் முதல்ல கேட்டது, வீட்ல சொல்லிடாதீங்கன்னுதான். நானும் போன்ல வாயத் திறக்கல. இப்ப உளறிட்டேன்."

இர்மினா சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். அடியில், இரண்டு மாடி ஆழத்தில், கறுப்பாகத் தண்ணீர். அக்டோபரில் ஒரு நாள் அவன் நனைந்து வந்ததும், படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கிவிட்டது என்றதும், அவள் சிரித்ததும் நினைவுக்கு வந்தன. வழி முழுக்கப் பெடலை அழுத்தியது கோபமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. செத்திருந்தால்? சாகவில்லை. அதற்கப்புறமும், மார்ச்சிலிருந்து ஐந்து மாதம் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றிருக்கிறான், அவள் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு.

ரெமெக் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"ஃப்ளோரியன் சொல்லிட்டார்," என்றாள்.

கத்தி நின்றது. "ஓட்டை வாய்."

"அவர் சொல்லலைன்னா நீ எப்ப சொல்லியிருப்ப? ஆறாவது திட்டத்திலயா, அறுபதாவதுலயா?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லணும்னுதான் உக்காருவேன். நீ அவ்ளோ ஆசையா பென்சில் சீவிக்கிட்டு இருப்ப."

"நான் பென்சில் சீவினா உனக்கு வாய் அடைச்சுடுமா?"

"அம்பத்தஞ்சு வயசுல தண்ணித் தொட்டியப் பாத்தா கை நடுங்குதுன்னு எப்படிச் சொல்றது? நீ சிரிப்ப."

சிரிக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை. அக்டோபரில் சிரித்திருந்தாளே.

கொஞ்ச நேரம் கழித்து ரெமெக், வார்த்தா ஆற்றில் மதகே இல்லாமல் நாள்கணக்கில் போகலாமாமே என்றான். படகை அங்கே கொண்டுபோக இழுவை வண்டி உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. ஆற்றில் இந்தக் கோடையில் மணல் திட்டு எத்தனை தெரியுமா? தெரியாது.

"நான் கால்வாயிலதான் போகப் போறேன்," என்றாள் கடைசியில். "மதகுக்கு முன்னால நிறுத்து மேடை இருக்கு. அங்க இறங்கிக்க. கரையில நடந்து போய் மேல நின்னு கயிறு பிடி. அந்தப் பக்கம் வந்து ஏறிக்க."

"நீ தனியா உள்ள போவியா?"

"போவேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. ஐஞ்சு மாசமா நீதான ஆக்கின."

அன்று சாயங்காலம் அவன் சக்கரத்தை மாட்டினான். இருபது நிமிட வேலை. அதைப் பார்த்தபோது அவளுக்கு மறுபடி கோபம் வந்தது.

மறுபடி போன் செய்து உறுதிப்படுத்திய பதினாறாம் தேதியில் முதல் தொட்டிக்குள் இர்மினா தனியாகப் படகை விட்டாள். பின்னால் கதவு சாத்தியதும் வெளிச்சம் குறைந்தது. சுவரெல்லாம் வழவழவென்று பாசி, குளிர். மேலே வானம் ஒரு பலகை அகலத்துக்கு. இங்கேயா விழுந்தான் என்று நினைத்தாள். ஃப்ளோரியன் மேலிருந்து ஒரு கயிற்றை இறக்க, அதில் தன் கயிற்றைக் கட்டி அனுப்பினாள். அதை வாங்கின ரெமெக் உயிரைப் பிடிப்பதுபோல இழுத்துப் பிடித்தான். தண்ணீர் பொங்கி ஏற, படகின் மூக்கு சுவரில் இடித்தது.

"தளர்த்து!" என்று கத்தினாள்.

"தளர்த்தினா நீ போயிடுவ!"

"இழுத்தாதான் போவேன்! தளர்த்துடா!"

"பான் ரெமெக், கயிறு அது, கழுத்து இல்ல," என்றார் ஃப்ளோரியன்.

படகு மேலே வந்து சேர்ந்தபோது ரெமெக்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மறுபக்க மேடையிலிருந்து படகில் ஏறி உட்கார்ந்தான். மேடையில் நிறுத்தி, இறக்கி, அவன் நடந்து வரும்வரை காத்திருந்து, ஏற்றி என்று ஒவ்வொரு மதகும் திட்டத்தில் போட்டதைவிட இரண்டு பங்கு நேரம் தின்றது. நான்காவதற்குப் போனபோது ஐந்தரை மணி. பூட்டியிருந்தது. நகரத்தின் குடியிருப்புக் கட்டடங்கள் அங்கிருந்தும் தெரிந்தன. முதல் நாளிலேயே திட்டம் செத்தது. இர்மினா காகிதத்தை எடுத்து அன்றைய வரிசையை அழுத்தி அடித்தாள். பென்சில் முனை ஒடிந்தது.

இரண்டாம் நாள் மழை. மூன்றாம் நாள் பாசி மோட்டாரில் சுற்றிக்கொண்டு, ரெமெக் குப்புறப் படுத்துக் கத்தியால் அறுத்தான். அதிலும் ஒரு சண்டை, கத்தியை எங்கே வைத்தாய் என்று. நான்காம் நாள் மத்தியானம் ஆறாவது மதகையும் அவன் கரையோடு நடந்தே கடந்தான். நாக்வோ துறையில் படகைக் கட்டினார்கள். சார்ன்கூஃபுக்கு இன்னும் எத்தனையோ தொட்டிகள். அதில் ஒன்று பழுது என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இர்மினா படகின் விளிம்பில் உட்கார்ந்து ஈரக் காலுறைகளைப் பிழிந்தாள். அழுகை வரும்போல இருந்தது. வந்தால் அவன் பார்ப்பானே என்று அடக்கிக்கொண்டாள். ரெமெக் கரைக்கடையில் வாங்கிய பொரித்த மீனைக் காகிதத்தோடு அவள் மடியில் வைத்தான்.

"அப்ப திரும்ப வேண்டியதுதானா?" என்றான்.

"வேற என்ன செய்ய?"

"இன்னும் அஞ்சு நாள் லீவு இருக்கே. அவசரம் இல்லாம போகலாம்."

"திரும்பிப் போறப்பவும் ஆறு மதகு இருக்கு, ரெமெக். அதுல நாலு இறங்கற மதகு. அன்னிக்கு நீ இறங்கின மாதிரி."

அவன் மீனிலிருந்து முள்ளை எடுத்துக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தான். "தெரியும்," என்றான். "நடக்கறேன். கயிறு தளர்த்தறது இப்ப கொஞ்சம் வருது."

"கொஞ்சம்தான் வருது," என்றாள் இர்மினா, மீனைத் தின்றுகொண்டே.