இருநூறு மீட்டர் அல்லது முப்பது நாள்

மரபணு மாற்றுப் பயிர்களை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் அமலுக்கு வந்த முதல் நாள் காலை, அக்காவின் வயலுக்கும் தம்பியின் வயலுக்கும் நடுவில் இருநூறு மீட்டர் நிலம் புதிதாக வந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்வரை அங்கே இரண்டு முழ அகல வரப்பு ஒன்றுதான் இருந்தது. நில அளவையர் வந்து சங்கிலி போட்டு மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் இருநூறு மீட்டர், ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்து வயல்களில் ஒருவருக்கும் ஒரு சாண் நிலம் குறையவில்லை. வயலை ஒட்டிப் போகும் சாலையும் நீளவில்லை. தபால்காரர் சைக்கிளில் அக்கா வாசலிலிருந்து தம்பி வாசலுக்கு எப்போதும்போல நான்கு மிதியில் போய்ச் சேர்ந்தார். உள்பக்கமாக நடப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தத் தூரம். அளவையர் இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார்.

அக்கா பயிரிட்டது பழைய வெள்ளை மக்காச்சோளம். விதைக்காகப் பயிரிட்டாள். விதைக் கம்பெனிக்காரன் ஒரு கதிரில் ஒரு மஞ்சள் மணி இருந்தாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவான். தம்பி பயிரிட்டது மஞ்சள் நிறப் புதுச்சோளம். தண்டைத் துளைக்கும் புழு மூன்று வருடம் தொடர்ந்து அவன் வயலைத் தின்று தீர்த்த பிறகு, புழு வாய் வைக்காத அந்த ரகத்துக்கு மாறினான். இரண்டு பேரும் செய்தது சரிதான். அதைப் பற்றி அவர்களுக்குள் கேலி இருந்ததே தவிர சண்டை இருந்ததில்லை. புதுச்சோள மூட்டைகளில் ‘மரபணு மாற்றப்பட்டது’ என்று சீட்டு ஒட்ட வேண்டும் என்று வந்தபோது, தம்பி ஒரு சீட்டைத் தன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்தான். “எப்ப மாத்தினாங்க? எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே, அதே கழுதைதானே?” என்று சொல்லிவிட்டு அக்கா சோறு போட்டாள்.

அவனுக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து அவனுக்கு மதியச் சாப்பாடு போட்டது அக்காதான். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவன் செய்துகொண்டான். மனைவி ஆறாம் வருடம் தூரத்து நகரத்தில் வேலை கிடைத்துப் போய், அங்கேயே நன்றாக இருந்தாள், பொங்கி எழுந்து யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டை ஒரு சுவர் வைத்து இரண்டாக்கிக்கொண்டார்கள். சுவரில் ஒரு கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் அக்காவின் அடுப்படி, அந்தப் பக்கம் தம்பியின் அடுப்படி. தம்பியின் அடுப்பில் வெந்நீரைத் தவிர எதுவும் கொதித்ததாகத் தகவல் இல்லை. மதியம் பன்னிரண்டரைக்கு அக்கா இரண்டு தட்டோடு கதவைக் காலால் தள்ளிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் அவன் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சட்டசபையில் ஒரு கட்சி ஐம்பது மீட்டர் போதும் என்றது, இன்னொரு கட்சி நானூறு வேண்டும் என்றது. மகரந்தத்தைக் கண்ணால் பார்த்திராத ஒரு குழு இருநூறில் முடித்து வைத்தது. புது ரகத்துக்கும் பழைய ரகத்துக்கும் நடுவில் இருநூறு மீட்டர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டும். தம்பியின் வயலே தொண்ணூறு மீட்டர் அகலம்தான். யாராவது ஒருவர் விட வேண்டும் என்று ஊரே பேசிக்கொண்டது. விட்டுக்கொடு என்று அக்காவும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார்கள், அது தெரிந்துதான் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. இப்படி இவர்கள் பிடிவாதமாக இருந்ததால் நிலம்தான் வழிவிட்டது என்று வேளாண் ஆய்வாளர் அபிப்பிராயப்பட்டார். அவர் கெட்டிக்காரர். ஒரு இலையை நீரில் கசக்கி ஒரு காகிதப் பட்டையை நனைத்து, அது எந்தச் சோளம் என்று சொல்லிவிடுவார்.

நிலம் வழிவிட்டபோது வீடும் சேர்ந்து வழிவிட்டதுதான் சங்கடம். கதவைத் திறந்தால் இப்போது தம்பியின் அடுப்படி இல்லை, இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு நடை இருந்தது. ஜன்னல் இல்லாத, சுண்ணாம்பு அடித்த, சுத்தமான நடை. அக்கா முதல் நாள் தட்டுகளோடு நடந்து போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு ஆறியிருந்தது. மூடி போட்ட பாத்திரம் வாங்கினாள். தெருவழியாகப் போகலாமே என்று ஊர் சொன்னதற்கு, சொந்த வீட்டுக்குள் போய்வரத் தெருவில் இறங்க மாட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். தம்பி ஒரு பழைய சைக்கிளை நடையில் கொண்டுவந்து விட்டான். அக்காவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது, அவன் தட்டோடு ஓட்டினால் பருப்பு கொட்டியது. எட்டாம் மாதம் சட்டத்தைத் திருத்தி முந்நூறு மீட்டராக்கினார்கள். மறுநாள் விடிந்தபோது நடை முந்நூறு மீட்டர் ஆகியிருந்தது. அதற்குள் அக்காவின் வலது முழங்கால் வீங்கிவிட்டது. “நீ வராதே, நானே பொங்கிக்கறேன்” என்றான் தம்பி. அவன் பொங்கியதை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. முதலில் இரண்டு முனையிலிருந்தும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டார்கள். பிறகு தொண்டை வலித்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பதினேழு நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனது. பதினெட்டாம் நாள் தம்பி எந்தக் கையால் சாப்பிடுவான் என்பது அக்காவுக்கு ஒரு நொடி ஞாபகம் வரவில்லை. அவன் இடதுகைக்காரன். அவள் பயந்துபோனாள்.

அந்த வாரமே தூரத்தை ஒரு கிலோமீட்டர் ஆக்குவதற்கு மசோதா வந்தது. மக்கள் கருத்துச் சொல்லலாம், ஆளுக்கு மூன்று நிமிடம் என்று அறிவித்தார்கள். அக்கா ஒரு கைத்தடியோடு பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போனாள். அவளுக்கு முன்னால் பேசியவர்கள் புதுச்சோளம் விஷம் என்றார்கள், அல்லது புதுச்சோளம் இல்லாவிட்டால் நாடே பட்டினி என்றார்கள். ஒருவர் அழுதார். அக்கா அழவில்லை. முப்பது வருடம் விதை எடுத்தவளுக்குச் சோளம் பூப்பதைப் பற்றி யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. ஒரு செடி மகரந்தத் தூள் உதிர்ப்பது பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம், காற்றில் பறக்கிற தூளுக்கு ஆயுசு சில மணி நேரம்தான் என்று அவள் சொன்னாள். ஒரு வயல் பூத்து முடித்து முப்பது நாள் கழித்து அடுத்த வயல் பூத்தால், இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றாலும் கலக்க வழியே இல்லை. “தூரத்தை எடுத்துக்கோங்க, எனக்கு நாளைக் குடுங்க” என்றாள். குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நடக்கச் சிரமமாக இருப்பதால் கேட்கிறீர்களா என்றார். “நடப்பேங்க. ஆனா என் தம்பி இளைச்சுப் போயிட்டான்” என்றாள் அக்கா. இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது என்று மணியடிப்பவர் நினைவூட்டினார். அதை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

ஒரு கிலோமீட்டர் தோற்றது. முந்நூறையும் பழையபடி குறைத்து, சட்டத்தில் ‘இருநூறு மீட்டர் அல்லது முப்பது நாள்’ என்று எழுதினார்கள். அக்காவும் தம்பியும் நாள் வேண்டும் என்று படிவம் நிரப்பிக் கொடுத்த மறுநாள் நடை மறைந்து, வரப்பு பழைய இடத்துக்கு வந்தது. சுவரில் கதவு, கதவைத் தள்ளினால் மேசை. அக்கா அங்கேயே நின்றுகொண்டு ஐந்து நிமிடம் அவனைத் திட்டினாள், அவ்வளவு சந்தோஷம்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் கணக்கு கொஞ்சம் உதைத்தது. தம்பியின் பாதி வீடும் வயலும் ஊருக்கு முப்பது நாள் பின்னால் இருந்தன. மூன்றாம் தேதி அக்காவின் கூரையில் கொட்டிய மழை தம்பியின் கூரையைத் தொடவில்லை. முப்பது நாள் கழித்து, வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பகலில், அவன் வீட்டில் மட்டும் அந்த மழை பெய்து முடித்தது. தபால் போடப்போனவர் முழங்கைவரை நனைந்தார். மின்கட்டணம் கணக்கெடுப்பவர் ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை வரவேண்டியிருப்பதாக மேலிடத்துக்கு எழுதிப் பயணப்படி வாங்கிக்கொண்டார். ஆனால் வீட்டுக்குள், கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே தேதி. அக்கா அவள் பக்கம் நாள்காட்டியில் பன்னிரண்டு கிழித்துவிட்டுத் தட்டோடு உள்ளே போனால் அவன் பக்கமும் பன்னிரண்டுதான். தம்பி தன் வாசல்படி இறங்கித் தெருவில் கால் வைத்தால் ஊரின் தேதிக்கு வந்துவிடுவான், திரும்பிப் படியேறினால் ஒரு மாதம் பின்னால் போய்விடுவான். நான்கு நாளில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

தெருவுக்குப் போய்வருவதால் தம்பிக்கு அடுத்த மாதத்துச் செய்தியெல்லாம் தெரிந்திருக்கும். ஒரு தடவை மேசையில் அவன், “அக்கா, இருபதாந்தேதி ஆலங்கட்டி மழை” என்று ஆரம்பித்தான். “வர்றது வரட்டும். சாப்பிடற இடத்துல வானிலை அறிக்கை வாசிக்காதே” என்றாள் அவள். அது அந்த மேசையின் சட்டமாகிவிட்டது. மாநிலச் சட்டத்தைப் பதினொரு தடவை திருத்தினார்கள், ஆட்சி ஐந்து தடவை மாறியது, தம்பி நாலு புது ரகம் மாற்றினான், அக்காவின் வெள்ளை விதை மூன்று மாநிலங்களுக்குப் போனது, ஒரு கதிரில்கூட மஞ்சள் மணி விழவில்லை. இருபத்திரண்டு வருடம் மதியம் பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது.

அக்கா எழுபத்தெட்டு வயதில், தூக்கத்தில், விடிவதற்குச் சற்று முன் போய்ச் சேர்ந்தாள். பால்காரி பார்த்துவிட்டுத் தெருவழியாக ஓடிவந்து தம்பியின் வாசலில் நின்று கூப்பிட்டாள். அவன் படியிறங்கி ஊரின் தேதிக்கு வந்து, அக்காவின் முன்வாசல் வழியாக உள்ளே போய், கட்டிலை ஒட்டி உட்கார்ந்தான். மதியத்துக்குள் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அடக்கத்துக்குக்கூட இருக்காமல் ஏன் திரும்பினான் என்பது கடைசியில் வரும். அவன் பக்கத்து நாள்காட்டி முப்பது நாள் முந்தைய தேதியில் இருந்தது. பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. அக்கா இரண்டு தட்டோடு வந்தாள்.

“என்னடா கண்ணு இப்படிச் சிவந்திருக்கு?”

“வெங்காயம் நறுக்கினேன்.”

“நீயா?” என்று அவள் சிரித்த சிரிப்பு சாலைவரை கேட்டது.

மறுநாளே அவளை வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினான். உங்கள் நாடி என் நாடியை விடச் சீராக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். நான்காம் நாள் சாப்பாட்டின் நடுவில் அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அறிக்கை ஏதோ மூஞ்சியிலயே எழுதியிருக்கு. வேண்டாம், வாசிக்காதே” என்றாள். அவன் வாசிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள், சாப்பிட்டு முடித்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள். விதைப்பைகளில் எல்லாம் பெயரும் வருடமும் எழுதிக் கட்டினாள். சின்ன வயதில் அவன் வேலியில் மாட்டிக்கொண்டு கத்தியதை இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவையும் அவன் முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டான். அந்த நாட்களில் தம்பி அழுததும் உண்டு, ஆனால் தன் ஆயுளில் அவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததில்லை. முப்பதாவது மதியம் அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவுப் பக்கம் போனவள் திரும்பி வந்து அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். சின்னப் பையனைத் தடவுவதுபோலத்தான், வேகமாக.

அடுத்த நாள் கதவு திறக்காது என்று அவனுக்குத் தெரியும். முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பதினொன்றரை மணிக்கு அவனே கதவைத் தள்ளித் திறந்தான். அக்காவின் அடுப்படியில் அண்டை வீட்டுப் பெண்கள் வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டார்கள். உள் அறையில் அக்கா கட்டிலில் இருந்தாள். கட்டிலை ஒட்டி, பால்காரி கூப்பிட்டதும் தெருவழியாக ஓடிவந்தவன், மழிக்காத முகத்தோடு, செருப்பு மாற்றிப் போட்டபடி உட்கார்ந்திருந்தான். தன்னைத் தானே பார்ப்பது அவனுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. குனிந்து அவன் தோளில் கை வைத்தான்.

“எழுந்திரு. இங்க நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ, அவ வர்ற நேரமாச்சு.”

உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, தெருவழியாகத் தன் வாசலுக்கு வேகமாக நடந்தான். கதவு வழியாக வந்தவன் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான். நான்கு மணிக்கு அடக்கம் நல்லபடியாக நடந்தது. ஒரே காலைப்பொழுதில் ஆள் கொஞ்சம் பூசினாற்போல் ஆகிவிட்டான் என்று மட்டும் ஊரார் பேசிக்கொண்டார்கள்.