காற்று திரும்பிய நாள்

குளிர் இன்னும் முழுதாக விடாத அக்டோபர் மாதம் என்று சொன்னால் நம்ப முடியாத வெக்கை. வடமேற்குக் காற்று காலையிலிருந்தே மலையூரான பிளாக்ஹீத்தின் வீட்டுக் கதவுகளைப் பிடித்து உலுப்பியது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் கமலினிக்கு அன்று விடுமுறை. பள்ளத்தாக்கில் புகை எழும்புவதைக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றபோது போன் அலறியது: காட்டுத்தீ, உடனே வெளியேறுங்கள்.

பாஸ்போர்ட், இரண்டு உடுப்பு, செத்துப்போன கணவனின் படம். காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது, போகிறேன் என்று சொல்ல அந்தத் தெருவில் அவளுக்கு ஒருவரும் இல்லை. குடிவந்து இரண்டு வருடமாகியும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைக்கூட அவள் கேட்டதில்லை.

பக்கத்து ஊரான கடூம்பாவில், வெளியேறி வந்தவர்களுக்காக ஒரு மண்டபத்தைத் திறந்து மடக்குக் கட்டில்கள் போட்டிருந்தார்கள். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். மகள் வினுஷா தொலைவில் கிளேட்டனில் தங்கிப் படிக்கிறாள், பரீட்சை நேரம். கமலினி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மூலையில் மெல்லிய சட்டையோடு ஒரு பெரியவர் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். "எடுக்க மாட்டேங்கிறானே!"

"ஐயா, தமிழோ?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பெயர் கிருஷ்ணசாமி. கோயம்புத்தூரிலிருந்து மகன் நரேனைப் பார்க்க வந்தவர். நரேன் தீயணைப்புப் படையில் தொண்டர்.

"என்னை இங்க இறக்கிவிட்டுட்டு நெருப்புப் பக்கம் போயிட்டாம்மா. ஒரே பையன்."

"அங்க போன் வேலை செய்யாது ஐயா. பயப்பிடாதேங்கோ, நான் இருக்கிறன்."

பின்னேரம் காற்று சட்டென்று திரும்பி, தெற்கிலிருந்து குளிராக வீசியது. புகை கலைந்து மழை கொட்டியது. மழையோடு ஐஸ் துகள்களும் கூரையில் சடசடத்தன. கமலினி இரண்டு போர்வை வாங்கிவந்து பெரியவருக்குப் போர்த்திவிட்டாள்.

"காலையில வேர்த்துக் கொட்டுச்சு, இப்பப் பல்லு கிட்டுது. என்ன ஊரும்மா இது?"

அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். கணவனின் கடைசி நாட்களைப் பற்றி, மகளிடம்கூடச் சொல்லாததை எல்லாம், அவள் அந்த அந்நியரிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

விடிந்தபோது வெளியே எல்லாம் வெள்ளை. முகமெல்லாம் கரியும் தோளில் பனியுமாக நரேன் உள்ளே வந்தான். பெரியவர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அப்படியே கட்டிக்கொண்டு அழுதார்.

"அப்பாவைப் பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி."

"அவசியம் வீட்டுக்கு வாம்மா" என்றார் பெரியவர். கார் போன பிறகுதான், அவர்கள் விலாசம் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

மத்தியானம் வீதியைத் திறந்தார்கள். வீடு அப்படியே நின்றது. முறிந்த யூகலிப்டஸ் கிளையொன்று வாசலில் பனிக்குள் புதைந்து கிடந்தது. அறைகளெல்லாம் புகை மணம். வீடு தப்பிவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. வினுஷாவை அழைத்தாள்.

"அம்மா! அங்க ஸ்நோவாம், நியூஸில பாத்தனான். ஸோ லக்கி!"

கமலினி வாயெடுத்தாள். மகளின் குரலில் இருந்த சந்தோஷம் அவளைத் தடுத்தது.

"ஓம் பிள்ளை. நல்ல வடிவு."

போனை வைத்துவிட்டு, புகை மணத்த உடுப்புகளை அள்ளி வாஷிங் மெஷினில் போட்டாள். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டப் போனாள். வெகுநேரம் தட்டினாள். அவர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.