ஒரே பூச்சியின் ஏழு ஓட்டைகள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசைமேல், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வெள்ளிப் புரோச் கிடக்கிறது. அதிலிருந்து வந்தது.

பெர்சிமன் பழத்தின் தலையில், கத்தரிக்காய்க்கு இருப்பதுபோல, நாலு இதழோடு ஒரு தொப்பி உட்கார்ந்திருக்கும். பழத்தைத் தின்பவர்கள் அதைத் துப்பிவிட்டுப் போவார்கள். அந்தக் காம்புத் தொப்பியை அப்படியே வெள்ளியில் வார்த்த புரோச் இது. ஓர் இதழில் பூச்சி கடித்த ஓட்டை. அரிசி மணி நுழையும் அளவு. இதே ஓட்டை, இதே இதழில், இதே கோணலோடு இன்னும் ஆறு புரோச்சுகளில் இருக்கிறது. கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் யார் யாரிடம் கத்தினார்கள் என்பது.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"தோங்யோங் துறைமுகத்தில் மூடுபனி விலகியபோது, மல்சூனின் விரல்கள் இயற்கையோடு —"

[நிறுத்திவிட்டேன். அந்த விரல்கள் இயற்கையோடு எதுவும் பேசவில்லை. இருபத்திரண்டு வருடம் ஷெட்டில் நின்று சிப்பி உடைத்தன. அதே ஷெட்டில் நான் கூடை தூக்கினேன், எனக்குத் தெரியும்.]

"மல்சூன் என்றால் கடைசிப் பெண். இதோடு பெண் பிறந்தது போதும் என்று அப்பா வைத்த பெயர். அதற்குப் பிறகும் இரண்டு பெண்கள் பிற —"

[உண்மைதான். ஆனால் இங்கே தொடங்கினால் நீங்கள் அவளுக்காகப் பரிதாபப்படத் தொடங்கிவிடுவீர்கள். அவள் அந்தப் பெயரையே கடைக்கு வைத்து, பலகையில் ஒரு முழ உயரத்துக்கு எழுதியிருக்கிறாள். பரிதாபம் அங்கே செல்லாது.]

"கல்யாண மண்டபத்தில் இரண்டு சம்பந்தியம்மாக்கள் மெழுகுவத்தி ஏற்ற ஒன்றாக நடந்தார்கள்."

இது சரி. ஆனால் இங்கே வருவதற்கு முன்னால் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

2

மீன் சந்தைக்கு மேலே ஏறும் சரிவில், வலை பழுது பார்க்கும் கடைக்குப் பக்கத்தில் மல்சூனின் கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். ஐம்பது வயதில் மகளிர் மையத்தில் வெள்ளி வார்க்கக் கற்றுக்கொண்டவள். வெட்டிச் செதுக்குவதில் அவளுக்குப் பொறுமை கிடையாது. கிடைத்த பொருளையே வார்ப்பாள். காம்புத் தொப்பி, வேப்பங்கொட்டை அளவுக் கடல்நத்தை, காய்ந்த பாசி, நெத்திலி.

பொருளைச் சுற்றிப் பிளாஸ்டரை ஊற்றுவாள். சூளையில் வைத்தால் உள்ளே இருப்பது எரிந்து சாம்பலாகும். அது இருந்த வெற்றிடத்தில் உருக்கிய வெள்ளி போகும். பிளாஸ்டரை உடைத்தால் காம்பு வெள்ளியாக வெளியே வரும். அசல் காம்பு இனி உலகத்தில் கிடையாது. அதனால்தான் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தன் கையெழுத்தில் ஓர் அட்டை வைத்தாள்: ஒரு காம்பு, ஒரு நகை.

முதல் நெத்திலியை வார்த்த நாளில் பில்ரே வந்து பார்த்தாள். ஷெட்டில் பக்கத்து இடத்தில் நின்று சிப்பி உடைக்கிறவள்.

"ஏண்டி, இதக் கழுத்துல போட்டுக்கிட்டுச் சந்தைக்குப் போனா ஊர்ப் பூனையெல்லாம் பின்னாலயே வருமே."

"வரட்டும். அதுங்களுக்கும் ஒண்ணு விப்பேன்."

"அது சரி, பூனை காசு குடுக்குமா?"

"உன்னவிட முன்னாலயே குடுக்கும்."

3

இனி அந்த ஓட்டை.

தட்டில் நாற்பது காம்புப் புரோச் வைத்தால் வருகிறவர்கள் கை நேராக ஓட்டை உள்ள ஒன்றுக்குத்தான் போகும். "அய்யோ, பூச்சி கடிச்சிருக்கு, எவ்ளோ அழகு!" அது வேறொருவருக்கு எடுத்து வைத்தது என்றால் மற்ற முப்பத்தொன்பதையும் பார்க்காமல் போய்விடுவார்கள். இதழ் மடியாமல், நரம்பு சிதையாமல் அவள் பாடுபட்டு எடுத்த முப்பத்தொன்பதை! ஒரு மாலை அந்த ஓட்டைப் புரோச்சை ரப்பரில் அழுத்தி அச்சு எடுத்தாள். அச்சில் மெழுகு, மெழுகிலிருந்து வெள்ளி. ஆறு நகல். அசலோடு சேர்த்து ஏழு புரோச்சையும் ஒரே இழுப்பறையில் போட்டாள். ஒவ்வொன்றாக விற்றாள். ஒவ்வொரு பெட்டியிலும் அதே அட்டை.

ஏன் செய்தாள்?

இந்த இடத்தில் முதலில் ஒரு நோயாளிக் கணவனை எழுதியிருந்தேன். மருத்துவமனை, சொட்டு மருந்து, ஜன்னல் ஓரம் எல்லாம் இருந்தது. மல்சூனிடம் படித்துக் காட்டினேன்.

"யாருய்யா இந்த ஆளு?"

"கதைக்காக, அக்கா."

"என் வீட்டுக்காரன் கல்லு மாதிரி இருக்கான். காலைல நாலு கிண்ணம் சோறு தின்னுட்டுப் படகுக்குப் போயிருக்கான். எடு அவனை ஆஸ்பத்திரிலேர்ந்து."

எடுத்துவிட்டேன். அடுத்து கட்டைவிரலை எழுதினேன். சிப்பிக் கத்தி பிடித்துப் பிடித்து வளைந்துபோன விரல், இனி நுண்வேலை முடியாத விரல் —

"அதையும் விடு. அது ஷெட்டுக்காரனோட கணக்கு, இதுல சேக்காத."

"அப்ப ஏன்தான் செஞ்சீங்க?"

"வித்துச்சு. அதான் செஞ்சேன்." மேசைத் தூசியைத் தட்டிவிட்டு, "என்னைப் பாவமா மட்டும் எழுதிடாத. தப்பு செஞ்சவளா எழுது. அது பரவால்ல" என்றாள்.

[எழுதுகிறவனுக்கு இதைவிடக் கடினமான உத்தரவு கிடையாது.]

4

இப்போது மண்டபத்துக்குப் போகலாம்.

பெண்ணின் அம்மா யோங்ரான், ஜிஞ்சுவிலிருந்து வந்தவள். அந்த நாட்டு விசேஷ உடையான ஹான்போக்கை இளஞ்சிவப்பில் உடுத்தியிருந்தாள். பையனின் அம்மா மியோங்ஜா, உள்ளூர்க்காரி. நீல ஹான்போக். அங்கே கல்யாணம் இந்த இருவரிலிருந்துதான் தொடங்கும். பக்கத்தில் பக்கத்தில் நடந்துபோய் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். பிறகு எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் குனிந்து வணங்க வேண்டும்.

ஏற்றினார்கள். திரும்பினார்கள். குனிந்தார்கள். இடுப்பு வளையக் குனிகிறபோது கண் எங்கே போகும்? எதிராளியின் நெஞ்சுக்கு. அங்கே, மேல்சட்டையின் முடிச்சு இருக்க வேண்டிய இடத்தில், இருவருக்கும் காம்புப் புரோச். நாலு இதழ். ஓர் இதழில் ஓட்டை.

இருவரும் நிமிர வேண்டிய நேரத்தில் நிமிரவில்லை. சம்பந்திகளுக்குள் எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று பின்வரிசையில் யாரோ மெச்சினார்கள்.

* இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. மியோங்ஜா சொன்னாள். பின்வரிசை ஆள் மட்டும் என் கற்பனை. அவர் இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை என்பதால் வைத்திருக்கிறேன்.

5

மூன்றாம் நாள் யோங்ரான் கடைக்குள் வந்தாள். பேருந்தில் ஒரு மணி நேரம் வந்த கோபம். அட்டையை மேசைமேல் வைத்தாள்.

"கடைக்காரம்மா, இது உங்க கையெழுத்துதானே?"

"என் கையெழுத்துதான்."

"கொஞ்சம் படிங்க."

"ஒரு காம்பு, ஒரு நகை."

"அப்ப என் சம்பந்தியம்மா நெஞ்சுல ஒட்டிக்கிட்டிருந்தது என்ன? என்னோட நிழலா?"

மல்சூனின் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. ஒரே மரத்துப் பூச்சி ஒரே மாதிரிதான் கடிக்கும். அந்த ஏழு புரோச்சையும் விற்கத் தொடங்கிய நாளிலிருந்தே அதை வைத்திருந்தாள். நாக்கு நுனிவரை வந்தது. முன்னால் நிற்கிறவளின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கினாள்.

"நகல்."

"எது? அவங்களுதா, என்னுதா?"

யோங்ரான் அங்கிருந்த ஒரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் திடீரென்று சந்தைக் குரலாயிற்று.

"இங்க பாருங்க. எங்க மலையேறும் சங்கத்துல நாப்பது பேரு. வருஷக் கடைசிக்கு ஆளுக்கொரு பரிசு. உங்ககிட்டயே எடுக்கறேன். எனக்கு ஒரே ஒரு காகிதம் வேணும். என்னுதுதான் அசல், சம்பந்தியம்மாவோடது நகல்னு எழுதி, உங்க முத்திரையக் குத்திக் குடுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"குடுக்கலேன்னா?"

"இணையத்துல எழுதுவேன். கடை பேரு, உங்க பேரு, ரெண்டு போட்டோ, ரெண்டு ஓட்டை. அப்புறம் நீங்க இந்தத் தெருவுல நெத்திலிதான் விக்கணும். நிஜ நெத்திலி."

[இங்கே யோங்ரான்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் அவளுக்குப் பணத்திமிர் வைத்திருந்தேன். சிப்பி நாற்றம் தாங்காமல் கைக்குட்டையை மூக்கில் வைப்பாள். மலிவான வேலை. கிழித்துவிட்டேன். இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: மண்டபம் மியோங்ஜா சொன்னது, சாப்பாடு மியோங்ஜா சொன்னது, பெண்ணின் தலை அலங்காரம்கூட மியோங்ஜா சொன்ன ஆள். யோங்ரான் தானாகப் பார்த்து, தானாகத் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு புரோச் மட்டும். மல்சூன் இதைச் சொல்லவில்லை. நான் சேர்த்தது. தவறாக இருந்தால் யோங்ரான் என்னைத் திட்டட்டும்.]

6

மல்சூன் முத்திரை இருந்த இழுப்பறையைத் திறந்தாள். முத்திரையை எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த வெர்னியர் அளவுகோலையும் நோட்டையும் எடுத்தாள்.

"அந்தப் புரோச்சக் குடுங்க."

"எதுக்கு?"

"ரப்பர் அச்சுல எடுத்தா கொஞ்சம் சுருங்கும். மெழுகும் சுருங்கும். காம்புலேர்ந்து நேரா வந்தது முப்பத்திரண்டு மில்லிமீட்டர். நோட்டுல இருக்கு, பாருங்க."

வெர்னியரின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் இதழ்களைப் பிடித்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினாள்.

"முப்பத்தொண்ணு. உங்களுதும் நகல்தான்."

யோங்ரான் வெர்னியரைப் பிடுங்கித் தானே அளந்தாள். இறுக்கிப் பிடித்தாள், தளர்த்திப் பிடித்தாள். முப்பத்தொன்றுதான்.

"முப்பத்திரண்டுன்னு எழுதிட்டுப் போங்களேன். யாரு அளக்கப்போறா?"

"நான் அளந்துட்டேனே."

"நாப்பது பேரும்மா! யோசிச்சுப் பேசுங்க."

"நாப்பது பேருக்கு நாப்பது காம்பு வார்த்துத் தர்றேன். ஓட்டை வேணும்னு கேக்கக் கூடாது. இருந்தா அது பூச்சி இஷ்டம். இதோ உங்க பணம். புரோச்ச வெச்சுட்டுப் போங்க."

"வைக்க மாட்டேன். என் பொண்ணு கல்யாண போட்டோவுல இருக்கு இது." பணத்தைத் தொடாமல் புரோச்சைக் குத்திக்கொண்டு வெளியே போனாள். வாசலில் நின்று திரும்பினாள். "எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க. பேர மட்டும் சரியா எழுதுங்க. ஓக் மல்சூன்."

எழுதினாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

7

பதினோரு நாள் கடைக்குள் யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் பில்ரே, ரப்பர் காலணியோடு, ஷெட்டிலிருந்து நேராக வந்தாள்.

"சீசன் தொடங்கிடுச்சு. உன் இடம் காலியாத்தான்டி இருக்கு. கத்திகூடத் தீட்டி வெச்சிருக்கேன்."

"அத வெச்சுப் பழம் நறுக்கு."

"வீம்பு பிடிச்ச கழுதை. இங்க உக்காந்து என்ன செய்யப்போற?"

"ஒரு பேப்பர் பிடி, ஒட்டணும்."

கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். எழுதியிருந்தது இது:

"பூச்சி ஓட்டையுள்ள காம்புப் புரோச் வாங்கியவர்களுக்கு. அது ஏழு இருக்கிறது. ஒன்று காம்பிலிருந்து வந்தது. ஆறு ரப்பரிலிருந்து வந்தன. அட்டையில் எழுதியது பொய். எழுதியது நான். கொண்டுவாருங்கள், உங்கள் கண்முன்னால் அளப்பேன். நகல் என்றால் பணம் திரும்ப. அசல் என்றால் மன்னிப்பு மட்டும். ரப்பர் அச்சை வெட்டி இதன் கீழே ஒட்டியிருக்கிறேன். ஓக் மல்சூன்."

பில்ரே இரண்டு முறை படித்தாள். "மன்னிப்புன்னு எழுதியிருக்க. படிச்சா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"ரெண்டுக்கும்தான்."

8

முடிவு.

முதல் முடிவில், அறிவிப்பைப் பார்த்து மனம் மாறிய யோங்ரான் நாற்பது மலையேறிகளோடு சரிவில் ஏறி வருகிறாள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மல்சூனிடம் சொன்னேன். "நாப்பது பேரு எங்க நிப்பாங்க, வலைக்காரன் கூரைமேலயா?" என்றாள்.

இரண்டாவது முடிவில் அவள் கடையை மூடிவிட்டுச் சிப்பி ஷெட்டுக்குத் திரும்புகிறாள். மழை பெய்கிறது. "அது உனக்கு வசதி. கதை முடிஞ்சிரும். நான்ல அங்க நிக்கணும்?" என்றாள்.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். இதுவரை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேருடையது முப்பத்தொன்று. பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி திட்டினாள், ஒருத்தி பாசிப் பதக்கம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாவது மியோங்ஜா. அவளுடையதும் முப்பத்தொன்று.

"சம்பந்தியம்மா திருப்பிக் குடுத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் மட்டும் ஏன் குடுக்கணும்?" என்று குத்திக்கொண்டு போய்விட்டாள்.

யோங்ரானுடையதோடு சேர்த்து நாலு தெரிந்துவிட்டது. மீதி மூன்று. அசல் அந்த மூன்றில் ஒன்று. மூன்றில் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. பக்கத்து மெக்கானிக்கிடம் வெர்னியர் இரவல் வாங்கி வைத்து ஒரு வாரம் ஆகிறது. முப்பத்திரண்டு வந்தால், எழுதுகிறவன் கையிலேயே அசல் கிடைத்தது என்று கதை கச்சிதமாக முடிந்துவிடும். முப்பத்தொன்று வந்தால், பொய்யை வைத்துக்கொண்டு உண்மையைப் பற்றி எழுதினான் என்று அதுவும் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருக்கும். இரண்டும் அவளுக்கு உதவாது, எனக்குத்தான் உதவும்.

தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

"அளக்கறதுன்னா இங்க வந்து என் கண்ணு முன்னால அள. வீட்டுல அளந்துட்டு வந்து எங்கிட்டக் கதை சொல்லாத" என்றாள். வைத்துவிட்டாள்.

வெர்னியரை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். புரோச்சை அட்டையோடு பெட்டியில் போட்டு உங்கள் பக்கம் தள்ளுகிறேன். சரிவில் ஏறினால் வலைக்கடைக்கு அடுத்தது. பத்து மணிக்குத் திறப்பாள். நேற்றும் திறந்தாள். கண்ணாடியில் காகிதம் வெயிலில் மஞ்சளாகிவிட்டது, எடுக்கவில்லை. நீங்கள் கொண்டுபோய் நீட்டுங்கள். அளந்து, என்ன வருகிறதோ அதைச் சொல்வாள்.

எனக்குச் சொல்ல வேண்டாம்.