பூளைப்பூக் காப்பு

எங்கள் ஊரில் சர்க்கரை முற்றினால் கிட்னிகள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறிவிடும். போன கிட்னி எதுவும் திரும்பி வந்ததில்லை. அப்பாவின் கிட்னிகள் இரண்டும் டெய்லரிடம் பை தைக்கக் கொடுத்திருப்பது தெரிந்ததும், மூலிகை ஆராய்ச்சிக்கு வந்திருந்த டாக்டர் தமயந்தியை நான்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பிளஸ் ஒன்னோடு படிப்பை நிறுத்தியிருந்தேன். வேறு வேலை இல்லை.

டாக்டர் பூளைப்பூவை ஆராய்ந்துகொண்டிருந்தார். பொங்கலுக்குக் கூரையில் செருகுகிறோமே, அந்த வெள்ளைப் பூ. கஷாயம் வைத்துக் கொடுத்தார். கிட்னிகள் குடித்தன. நன்றாக இருக்கிறது, ஆனால் போகிறோம் என்றன.

"காப்புக் கட்டிப் பாருங்க," என்றேன்.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், நோம்பி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கிட்னிக்கும் அதுதான் சட்டம்.

நோம்பிக் காப்பன்று டாக்டர் இடது கிட்னிக்குப் பூளைப்பூ வைத்துக் கட்டினார். வலதுக்குக் கட்டவில்லை.

"அதுக்கு ஏங்க்கா இல்ல?"

"ஒப்பிட்டுக் காட்டணும் கண்ணு. இல்லைன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

மறுநாள் காலையில் இடது தன்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. வலது பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டது.

"போறது போகட்டும், நீ சாப்பிடு," என்றார் அப்பா. எப்போதும் இப்படித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. பூளைப்பூவை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டரும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"கட்டாத, ஆராய்ச்சி கெட்டுடும்."

"அது கெட்டா வேற பண்ணிக்குவீங்க. கிட்னிக்கு நான் எங்க போறது?"

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். ஜன்னலுக்குள் கையை விட்டுக் கட்டினேன். வலது கிட்னி காப்பைப் பார்த்தது.

"எறக்கி உடுங்க," என்றது கண்டக்டரிடம். "நோம்பி இருக்குது."

டாக்டர் மூச்சு வாங்கினார். "கட்டலைன்னா ஏறுது, கட்டினா இறங்குது. இதைவிட என்ன ஒப்பிடறது?"

மத்தியானத்துக்குள் ஊர்க் கிட்னிகள் எல்லாம் எங்கள் வாசலில் வரிசையில் நின்றன. எல்லாவற்றுக்கும் நானே கட்டினேன். ஒன்றுகூட பஸ் ஏறவில்லை.

நோம்பி முடிந்தால் காப்பை அவிழ்த்தாக வேண்டும். அதனால் ஊர் கூடி நோம்பியை முடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டது. அம்மன் இன்னும் தேரில்தான் இருக்கிறாள். பால் வாங்கப் போகிறவர்கள் தேரைக் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போகிறார்கள். நேற்று எங்கள் வீட்டு முறை. அப்பாவின் வலது கிட்னிதான் முன்னால் நின்று வடம் பிடித்தது.